தலைவர் போன பிறகு நிலம் யாருக்கு?

கியூபாவில் கரண்ட் போனால், இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் பிடல் காஸ்ட்ரோவைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். 2024 ஒக்டோபரில் அன்டோனியோ கிட்டேராஸ் மின்நிலையம் நின்று தீவு முழுக்க இருண்டபோதும் அப்படித்தான். "கிழவன் இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்று ஒரு கட்சி. "கிழவன் அத்தனை வருசம் இருந்ததாலதான் இப்படி ஆச்சு" என்று இன்னொரு கட்சி. தலவாக்கலைப் பக்கம், செங்கொடிச் சங்கம் என்ற இடதுசாரித் தோட்டத் தொழிற்சங்கத்தின் பழைய ஆட்கள் இன்னும் சிலர் மிச்சமிருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டிக்டொக்கில் ஹவானாவின் பழைய கார்களைப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: தலைவர்தான் நாடு. அவர் போனால் ஒன்று நாடு கெடும், இல்லை விடியும்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடசாலையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கம்யூனிஸ்ட் நாடுகளின் வயதான தலைவர்கள் எப்படி இறந்தார்கள், அடுத்த நாள் என்ன நடந்தது, அடுத்த பத்து வருடத்தில் என்ன நடந்தது என்று வாசிப்பது எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் இதற்கு "எழவுப் படிப்பு" என்று பெயர். இவ்வளவு எழவு படித்ததில் எனக்கு ஒரு பார்வை உண்டாகியிருக்கிறது. அந்த நாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சவ ஊர்வலப் படத்தை எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார், யார் தள்ளி நிற்கிறார் என்று அளந்து பார்க்கிறார்கள். நான் வயலைப் பார்க்கிறேன். விளைகிற நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு என்ன மாறியது என்று பார்த்தால், அந்த நாடு எந்தப் பக்கம் போகும் என்பது பாதி தெரிந்துவிடும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எதைப் பார்க்கத் தோன்றும்?

ஸ்டாலினிலிருந்து தொடங்கலாம். 1953 மார்ச் 1. மொஸ்கோவுக்கு வெளியே இருந்த அவருடைய வீட்டில் அன்றைக்குப் பகல் முழுக்க அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவராகக் கூப்பிடாமல் உள்ளே போகிற தைரியம் காவலாளிகள் யாருக்கும் இல்லை. இரவில் ஒருவழியாக எட்டிப் பார்த்தபோது மனிதர் தரையில் கிடந்தார். வைத்தியர்கள் வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. பேர்பெற்ற வைத்தியர்கள் பலர் அவர் கட்டளைப்படியே சதி வழக்கில் சிறையில் இருந்தார்கள் என்பது வேறு கதை. ஐந்தாம் திகதி உயிர் பிரிந்தது. ஊரையெல்லாம் நடுங்க வைத்த பயம் கடைசியில் அவரையே தரையில் கிடத்தி வைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. மூன்று கிழமைக்குள், மார்ச் 27இல், பொதுமன்னிப்பு. ஏறத்தாழ 12 லட்சம் கைதிகள் வெளியே வந்தார்கள். ஏப்ரல் 4இல் அந்த வைத்தியர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிப்பு. இதில் வேடிக்கை, பொதுமன்னிப்பை முன்னின்று கொண்டுவந்தவர் பேரியா. அத்தனை பேரையும் பயமுறுத்திய இரகசியப் பொலிஸின் தலைவர். ஜூன் மாதம் அவரையே மற்றவர்கள் கைது செய்தார்கள், டிசம்பரில் சுட்டார்கள். 1956 பெப்ரவரியில் ஸ்டாலினைக் கண்டித்துக் குருஷேவின் இரகசிய உரை. 1961இல் ஸ்டாலினின் உடலை லெனினுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துப் புதைத்தார்கள். பாடப்புத்தகம் இதோடு முடித்துக்கொள்ளும்.

ஆனால் கிராமத்துக்கு வந்து பாருங்கள். சோவியத்தில் 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தபோது கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது கொடுக்கப்படவில்லை. சீட்டு இல்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. பண்ணையை விட்டுப் போவதென்றால் பண்ணைத் தலைவரின் தயவு வேண்டும். ஸ்டாலின் செத்த வருடமே வரியைக் குறைத்தார்கள், பழைய கடன்களைத் தள்ளினார்கள், விளைச்சலுக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். அது பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லா விவசாயிகளுக்கும் கடவுச்சீட்டு கொடுக்கும் ஆணை வந்தது 1974இல். தலைவர் செத்து 21 வருடம் கழித்து! எங்கள் ஆட்களைக் கடனோடு சேர்த்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கை மாற்றிய துண்டு முறையை வெள்ளைக்காரன் 1921இலேயே சட்டம் போட்டு நிறுத்தினான். தொழிலாளர் அரசு என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டில் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உழுகிறவன் நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லை என்பதைப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கொடிச் சங்கத்தில் எங்கள் தோட்டத்துத் தலைவராக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ, பீக்கிங் என்று இரண்டாக உடைந்தபோது நா. சண்முகதாசனோடு பீக்கிங் பக்கம் போன ஆட்களில் அவரும் ஒருவர். லயத்து இஸ்தோப்பில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாவோ படம். அப்பாயி இரண்டுக்கும் சேர்த்தே சாம்பிராணி காட்டுவாராம். பெரியப்பா தடுத்தும் பார்த்தார், நடக்கவில்லை. பீக்கிங் வானொலி 1963இல் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பெரட்டு (காலை ஆள் கணக்கு), மலை வேலை, மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) எல்லாம் முடிந்து வந்து அதைக் கேட்பதுதான் அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய பூசை.

1976 செப்டெம்பர் 9இல் மாவோ இறந்தார். எங்கள் பக்கம் அப்போது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மெலிந்து கிடந்த காலம். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை மாறினார், லயம் மாறவில்லை. இந்த நேரத்தில் ரேடியோவில் மாவோவின் சாவு. ஒரு மாதம் போகவில்லை, ஒக்டோபர் 6இல் மாவோவின் மனைவி சியாங் சிங்கையும் கூட மூன்று பேரையும் கைது செய்துவிட்டார்கள். நேற்று வரைக்கும் புகழ்ந்த குரலே இன்றைக்கு "நால்வர் கும்பல்" என்று திட்டுகிறது. பெரியப்பா ரேடியோ ஸ்டேஷன் மாறிவிட்டதோ என்று இரண்டு தட்டுத் தட்டினாராம். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது திடீரென்று பேச்சை மாற்றினால், "ரேடியோவைத் தட்டிப் பாரு" என்போம்.

சண்முகதாசன் மாவோவுக்குப் பின்னால் வந்தவர்களைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1993இல் இங்கிலாந்தில் இறக்கும்வரை அந்த நிலைப்பாட்டில்தான் இருந்தார். பெரியப்பாவும் ஏற்கவில்லை. சீனா எப்படியும் அவர்களைக் கேட்கவில்லை.

அங்கே நடந்ததைப் பார்த்தால், மாவோ கைகாட்டிய வாரிசு ஹுவா கோபெங். மாவோ எடுத்த முடிவு எதுவானாலும் காப்போம், கொடுத்த கட்டளை எதுவானாலும் பின்பற்றுவோம் என்று 1977இல் பத்திரிகைத் தலையங்கம் போட வைத்தார். செத்தவரின் வார்த்தையை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டவர் அவர். சில வருடத்தில் ஓரத்துக்குப் போனார். அவரை முந்தி அதிகாரத்துக்கு வந்த தெங் சியாவோபிங் மாவோவின் படத்தைத் தியனன்மென் வாசலிலேயே விட்டார், உடலைக் கண்ணாடிப் பெட்டியிலேயே விட்டார், மாவோவின் தொண்டு முதன்மை, பிழை இரண்டாவது என்று 1981இல் கட்சியைத் தீர்மானம் போட வைத்தார், மற்ற எல்லாவற்றையும் கீழே மாற்றினார். மாவோ 1956இலேயே தன்னை எரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். வியட்நாமின் ஹோ சி மின்னும் உயிலில் எரிக்கத்தான் சொன்னார். எரிக்கச் சொன்ன இரண்டு பேரையும் வரிசையில் நின்று பார்க்கலாம். தலைவரின் பேச்சை அப்படியே கேட்கிற நாடுகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தெங்கும் கூட இல்லை, சீனாவை மாற்றியது என்று நான் நினைப்பது 1978 கடைசியில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவோகாங் என்கிற பிச்சைக்கார ஊர். மிகை இல்லை. பஞ்ச காலத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் உண்மையாகவே பிச்சைக்குப் போவார்கள். அந்த ஊரின் 18 குடும்பத்தார் ஓர் இரவில் ஒரு வீட்டில் கூடி, கூட்டுநிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வதென்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தார்கள். அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம். இதற்காக ஊர்த் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனால் அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்ப்பார்கள். இந்தக் கடைசி ஷரத்துதான் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறது. மாவோ செத்து இரண்டு வருடமாகியும் ஒரு வயலைப் பிரித்துக்கொள்வதற்குப் பிள்ளைகளுக்குக் கார்டியன் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

அந்த வருட டிசம்பரில் பீக்கிங்கில் கட்சியின் புகழ்பெற்ற மத்தியகுழுக் கூட்டம் நடந்தது. சீர்திருத்தத்தின் தொடக்கம் என்று புத்தகங்கள் சொல்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் வந்த விவசாய ஆவணம் நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னது! மேலே தடை, கீழே கைநாட்டு. அடுத்த அறுவடையில் சியாவோகாங்கில் அதற்கு முந்திய எத்தனையோ வருடங்களில் காணாத விளைச்சல். அன்ஹுய் மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து ஆதரித்தார். 1980களின் நடுப்பகுதிக்குள் மக்கள் கம்யூன்கள் நாடு முழுக்கக் கலைந்துவிட்டன. நிலம் இன்றைக்கும் சட்டப்படி கூட்டுச் சொத்துதான். ஆனால் எதை விதைப்பது, மிச்சத்தை யார் சாப்பிடுவது என்பது கை மாறியது.

மாவோ இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன். அவருடைய சாவு மூடியைத் திறந்தது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது வேறு.

வியட்நாமில் இது இன்னும் சுவாரசியமான கதை. ஹனோய்க்கு வடமேற்கே வின் புக் மாகாணத்தின் கட்சிச் செயலாளர் கிம் ங்கோக், 1966இலேயே, யுத்தத்துக்கு நடுவில், கூட்டுறவுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குக் கொந்தரப்புக்கு (ஒப்பந்தத்துக்கு) கொடுத்துப் பார்த்தார். விளைச்சல் கூடியது. 1968இல் கட்சியின் கோட்பாட்டுப் பெரியவர் துருவோங் சின் அதைக் கடுமையாகக் கண்டித்து நிறுத்தினார். கிம் ங்கோக் 1979இல் இறந்தார். 1981இல் அரை மனதோடு ஒரு கொந்தரப்பு முறை வந்தது. 1986இல் பணவீக்கம் 700 வீதத்தைத் தாண்டியது. அந்த ஜூலை 10இல் நீண்ட காலம் கட்சியை ஆண்ட லெ சுவான் இறந்தார். இடைக்காலத்துக்கு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே துருவோங் சின். அவரேதான் அந்தச் சில மாதங்களில் சீர்திருத்தத்துக்கு வழிவிட்டு, டிசம்பர் மாநாட்டில் "தொய் மொய்" என்கிற புதுப்பித்தல் கொள்கையோடு நுவென் வான் லின்னுக்கு இடம் கொடுத்து ஒதுங்கினார். 1988இல் குடும்பத்துக்கு நிலத்தை உறுதியாகக் கொடுக்கிற தீர்மானம். அந்த வருடத் தொடக்கத்தில்கூட வடக்கில் பசி. 1989இல் வியட்நாம் சுமார் 14 லட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்து உலகத்தின் பெரிய அரிசி வியாபாரிகளில் ஒன்றாகிவிட்டது.

2024 ஜூலை 19இல் வியட்நாம் கட்சியின் பொதுச்செயலாளர் நுவென் பூ சோங் இறந்தபோது நான் கவனித்தது இதைத்தான். ஆகஸ்ட் 3இல் தோ லாம் புதிய பொதுச்செயலாளர். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவர் பொலிஸ் அமைச்சராக இருந்தவர் என்பதைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதின. இரண்டுக்கும் நடுவில், ஆகஸ்ட் 1இல், புதிய காணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைவர் செத்ததற்காக ஒரு நாளும் தள்ளிப்போடவில்லை. எனக்கு அந்த இரண்டு வாரத்தில் பெரிய செய்தி அது.

சரி, சோவியத்துக்குத் திரும்பி வருவோம். 1982 நவம்பரில் பிரெஷ்னேவ், 1984 பெப்ரவரியில் அந்த்ரோபோவ், 1985 மார்ச்சில் செர்னென்கோ. மூன்று வருடத்துக்குள் மூன்று எழவு. வானொலியில் சோக இசை வந்தாலே ஜனங்களுக்கு விளங்கிவிடுமாம். செஞ்சதுக்கத்து இறுதிச் சடங்குக்கு டிக்கெட் இருக்கிறதா என்று காவலாளி கேட்க, "என்னிடம் சீசன் டிக்கெட்டே இருக்கிறது" என்றானாம் ஒருவன். அந்தக் காலத்து மொஸ்கோ பகிடி. மூன்று சாவிலும் வயலில் ஒன்றும் அசையவில்லை. தானியத்துக்கு அமெரிக்காவிடம் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். 54 வயது கோர்பச்சேவ் வந்து பேச்சைத் திறந்தார், பத்திரிகையைத் திறந்தார், நிலத்தை மட்டும் கடைசிக்கு வைத்தார். சீனா நிலத்தில் தொடங்கிப் பேச்சைப் பூட்டி வைத்தது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, 1989 ஜூனில் தியனன்மென்னில் போராடியவர்களைச் சுட்டதை வைத்துக்கொண்டு பேச்சுப் பூட்டியதைப் புகழவும் எனக்கு மனமில்லை. பசித்தவன் எதற்கு முதலில் காத்திருந்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேயிலைக்காரன் என்ற முறையில் ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. சோவியத் யூனியனுக்கென்று சொந்தத் தேயிலை இருந்தது, பெரும்பகுதி ஜோர்ஜியாவில். கருங்கடல் ஓரத்து மலைச்சரிவுகளில், குரியா பக்கமெல்லாம் தேயிலைதான். 1980களின் நடுவில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தொன் வரை போனார்கள். திட்டம் கேட்டது எடையை. அதனால் இரண்டு இலையும் மொட்டும் போய், மெஷின் வைத்துத் தண்டும் முற்றலும் சேர்த்து வெட்டினார்கள். எங்கள் மடுவத்தில் இப்படிக் கொழுந்து கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை தலையிலேயே கொட்டுவார். 1991இல் நாடே கலைந்ததும் அந்தத் தேயிலையை வாங்க ஆள் இல்லை. ரஷ்யர்கள் இலங்கைத் தேயிலை, இந்தியத் தேயிலை என்று போய்விட்டார்கள். ஜோர்ஜியாவின் உற்பத்தி சில ஆயிரம் தொன்னுக்கு விழுந்தது. செடிகள் மரமாகி, பற்றை மூடி, ஆட்டுப் பட்டியாகின. 1990களில் எங்கள் நாட்டுத் தேயிலைக்கு ரஷ்யாவில் கிராக்கி கூடியதன் பின்னால் குரியாவில் வேலையிழந்த கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் அவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே நிலம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, வாங்க ஆளும் வேண்டும். என் வயல் கணக்கு முழுதாகப் பொய்த்துப்போகிற இடமும் ஒன்று உண்டு: யூகோஸ்லாவியா. அங்கே கூட்டுப்பண்ணையை 1953இலேயே கைவிட்டு, நிலத்தின் பெரும்பகுதி சிறு விவசாயிகள் கையில் இருந்தது. 1980 மே 4இல் டிட்டோ இறந்தார். உலகத் தலைவர்கள் திரண்டு வந்த சாவு. எட்டுப் பேர் கொண்ட ஜனாதிபதி சபை, வருடத்துக்கு ஒருவர் முறை வைத்துத் தலைமை. காகிதத்தில் எங்கள் அரசியல் யாப்புப் பாடத்துக்கு ஆசை காட்டுகிற ஏற்பாடு. 1981 மார்ச்சில் கொசோவோவின் பிரிஸ்டினா பல்கலைக்கழகத்தில் சாப்பாடு சரியில்லை என்று தொடங்கிய மாணவர் குழப்பம் இனக் கேள்வியாக மாறியது. வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 1989இல் கொசோவோவின் சுயாட்சியைப் பிடுங்கினார்கள், 1991இல் நாடு உடைந்தது. இலங்கையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

வட கொரியாவில் தலைவர் சாகவே இல்லை என்பதுதான் சட்டம். கிம் இல் சுங் 1994 ஜூலை 8இல் இறந்தார். 1998இல் யாப்பைத் திருத்தி அவரையே நிரந்தர ஜனாதிபதி ஆக்கிவிட்டார்கள். மகன் ஆண்டார், பிறகு பேரன். நடுவில் கொடிய பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் ஜனங்களைக் காப்பாற்றியது பெண்கள் திருட்டுத்தனமாகப் போட்ட சின்னச் சின்னச் சந்தைகள். அரசாங்கம் விரட்டிப் பார்த்து, கடைசியில் இடம் ஒதுக்கி வரி வாங்கத் தொடங்கியது.

இனிக் கியூபா. மலையகத்தானுக்குக் கியூபா மேல் ஒரு தனிப் பாசம் வரக் காரணம் சே குவேரா மட்டும் அல்ல. (அவர் 1959 ஆகஸ்டில் இலங்கை வந்தபோது ஹொரணைப் பக்கம் யஹலகலை இறப்பர் தோட்டத்தில் நட்ட மரம் இருக்கிறது. எங்கள் மலைக்கு அவர் ஏறவில்லை.) அதுவும் ஒரு தோட்ட நாடு. எங்களுக்குத் தேயிலை, அவர்களுக்குக் கரும்பு. ஒரே பயிரை வளர்த்து, ஒரே ஆளுக்கு விற்று, அரிசியை வெளியிலிருந்து வாங்குகிற வாழ்க்கை. சோவியத் இருந்தவரை சீனிக்கு நல்ல விலை கொடுத்தது. வருடத்துக்கு 80 லட்சம் தொன் வரை உற்பத்தி செய்தார்கள். 1991க்குப் பிறகு சரிவு. 2002இல் 156 ஆலைகளில் ஏறத்தாழ பாதியை மூடியவர் பிடலேதான். இப்போது ஐந்து லட்சம் தொன்னையும் எட்டுவதில்லை.

பிடல் இறந்தது 2016 நவம்பர் 25. ஆனால் நாட்டை அவர் கையிலிருந்து எடுத்தது 2006 ஜூலை 31, வயிற்று நோயோடு தம்பி ராவுலிடம் பொறுப்பைக் கொடுத்த நாள். சாவுக்கு முன்னாலேயே பத்து வருடம் "சாவுக்குப் பிறகு" ஓடிவிட்டது. கம்யூனிஸ்ட் நாட்டுத் தலைவர்களில் இப்படி நிதானமாகப் போனவர் குறைவு. 2016இல் ஒன்பது நாள் துக்கம். 1959இல் புரட்சிப்படை சாந்தியாகோவிலிருந்து ஹவானா வந்த பாதையில் சாம்பல் திருப்பிக் கொண்டுபோகப்பட்டது. தன் பெயரில் சிலையோ தெருவோ கூடாது என்று சொல்லியிருந்தார். டிசம்பரில் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை.

வயலுக்கு வருவோம். ராவுல் 2008இல் ஒரு ஆணை போட்டார். தரிசு அரச நிலத்தைக் கேட்கிறவர்களுக்குப் பத்து வருட அனுபவ உரிமையோடு, நிலமில்லாதவருக்கு 13 ஹெக்டேயருக்குக் கொஞ்சம் மேலே வரை. தரிசு என்றால் மராபூ என்கிற முள் பற்றை மூடிய தரிசு. நம்ம ஊர்க் கைவிட்ட தோட்டத்தில் மானாப்புல் மூடுகிற மாதிரி. ஜனங்கள் எடுத்தார்கள், கத்தியோடு இறங்கினார்கள். ஆனால் விளைச்சலைப் பெரும்பாலும் "அக்கோப்பியோ" என்ற அரசக் கொள்முதல் நிறுவனத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். விலையை அது சொல்லும், லொறி வருகிறதும் வராததும் அதன் இஷ்டம், பணம் வருகிறது இன்னும் தாமதம். தக்காளி வயலோரத்தில் அழுகியது. உரம், எண்ணெய், ட்ரக்டர் எதுவும் வாங்கக் கடை இல்லை. அமெரிக்கத் தடை ஒரு பக்கம் இறுக்கியது உண்மை. பிள்ளைகளிடம் நான் அதை மறைப்பதில்லை. ஆனால் அக்கோப்பியோவை வொஷிங்டன் நடத்தவில்லை. சியாவோகாங்காரன் மிச்சத்தை வைத்துக்கொண்டான். கியூபாக்காரனுக்கு நிலம் கிடைத்தது, மிச்சம் கிடைக்கவில்லை. உணவில் பெரும்பங்கை அந்தச் செழிப்பான தீவு இன்றைக்கும் இறக்குமதி செய்கிறது.

2018இல் தியாஸ்-கனேல் ஜனாதிபதி. 2021 ஜனவரியில் இரட்டை நாணயத்தை ஒழித்தார்கள், விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஜூலை 11இல் ஊர் ஊராக ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். தேத்தண்ணிக் கடைத் தகராறுக்கு என் பதில் இதுதான்: பிடல் இருந்ததும் இல்லாததும் அல்ல, 2008இல் கொடுத்த நிலத்தோடு சந்தையைக் கொடுக்காதது.

இதை எழுதும்போதே எங்கள் கதை இடையில் வந்து நிற்கிறது. நாங்கள் ஒன்றும் கம்யூனிஸ்ட் நாடு இல்லை. ஆனால் நிலம் அரசாங்கத்துடையது. 1972, 1975 சட்டங்களில் எடுத்தார்கள், 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். தலைவர்களும் போனார்கள். 1999 ஒக்டோபர் 30இல் எங்கள் பெரிய தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் இறந்தபோது லயம் லயமாக அழுததை நான் பார்த்தேன். பொய் அழுகை இல்லை அது. பேரன் வந்தார், 2020இல் அவரும் போய், அடுத்த தலைமுறை வந்தது. சங்கங்கள் உடைந்தன, சேர்ந்தன, சந்தா மட்டும் ஒழுங்காக வெட்டப்பட்டது. காணி என்று வரும்போது பேச்சு 7 பேர்ச்சஸா 10 பேர்ச்சஸா (160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர்) என்பதிலேயே நிற்கிறது, அதுவும் வீடு கட்ட. கொழுந்து விளைகிற நிலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இல்லை, ஒரு பேச்சு உண்டு. சில கம்பனிகள் செடியைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துப் பறித்துக் கொண்டுவாருங்கள், கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்கின்றன. வெளியார் உற்பத்தி முறை என்று பெயர். இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துச் சிறு தோட்ட உரிமையாளர்கள்தான் இன்று நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால்வாசியைத் தருகிறார்கள். குடும்பம் தேயிலை வளர்க்க முடியுமா என்ற கேள்விக்கு அது போதுமான பதில். ஆனால் அவர்களுக்குக் காணி உறுதி இருக்கிறது, ஒரு ஃபெக்டரி விலை சரியில்லை என்றால் கொழுந்தை இன்னொரு லொறியில் ஏற்றலாம். எங்களுக்குக் கொடுப்பதாகச் சொல்வது செடி. நிலம் இல்லை. எந்த ஃபெக்டரிக்குக் கொடுப்பது என்பதும் இல்லை, பல இடங்களில் சேமலாப நிதியும் அந்தரத்தில். இது சியாவோகாங் அல்ல, அக்கோப்பியோ.

இதை அப்படியே வகுப்பில் சொன்னேன், பரீட்சைக்கு வராது என்ற எச்சரிக்கையோடு. பின்வரிசைப் பையன் ஒருவன் கை உயர்த்தினான்.

"அப்ப நம்ம பக்கம் நிலம் மாற யாரு சேர் சாகணும்?"

வகுப்பு சிரித்தது. யாரும் சாக வேண்டியதில்லை, கம்பனிகளின் 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது என்றேன். அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். "எனக்கு அப்ப நாப்பது ஆகப்போவும்."

பக்கத்து மேசைப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதுக்கு முன்னாடியே நீட்டிக் குடுத்துருவாங்கடா" என்றாள்.